விலக்கு கொடுக்கவும் அதிகாரம் வேண்டும்: ஆங்கிலிக்கன் பிளவின் கதை

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தன்பாலின இணையருக்காக வழக்கமான ஆராதனைக்கு நடுவில் ஆசீர்வாத ஜெபம் சொல்லலாம் என்ற அனுமதி இங்கிலாந்துத் திருச்சபையில் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. மறுநாள் டிசம்பர் 18, திங்கட்கிழமை. வத்திக்கானிலிருந்து ‘ஃபிடூசியா சுப்ளிகான்ஸ்’ என்ற ஆவணம் வெளிவந்தது. அதன் சாரமும் ஏறக்குறைய இதேதான். குருவானவர் தன்பாலின இணையரை ஆசீர்வதிக்கலாம், ஆனால் அது கல்யாணச் சடங்கு மாதிரி இருக்கக்கூடாது, திருமணம் பற்றிய போதனையில் மாற்றம் இல்லை.

ஒரே நாள் இடைவெளியில் ஒரே மாதிரி சமரசம். எதிர்ப்பும் ஒரே திசையிலிருந்துதான் வந்தது, முக்கியமாக ஆப்பிரிக்காவிலிருந்து. ஆனால் அடுத்து நடந்தது வேறு வேறு.

கத்தோலிக்கத்தில் காங்கோவின் கர்தினால் அம்போங்கோ ரோமுக்குப் போனார். ஆப்பிரிக்க ஆயர்களின் ஆட்சேபங்களை எடுத்துச் சொன்னார். 2024 ஜனவரி 11 அன்று, ஆப்பிரிக்காவில் இந்த ஆசீர்வாதம் நடக்காது என்று ஆப்பிரிக்க ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு அறிவித்தது. போப் பிரான்சிஸின் ஒப்புதலோடுதான் அறிவித்தது. மூன்றரை வாரம்தான் ஆனது. வருத்தம் இரண்டு பக்கமும் மிச்சம் இருந்தது, ஆனால் யாரும் வீட்டை விட்டு வெளியேறவில்லை.

ஆங்கிலிக்கன்கள் இதே விஷயத்தில் கால் நூற்றாண்டாகச் சண்டை போடுகிறார்கள். 2025 அக்டோபரில் அது வெளிப்படையான பிளவாகவே ஆகிவிட்டது. அங்கே அடங்கியது இங்கே ஏன் அடங்கவில்லை? இந்தக் குறிப்பு அந்தக் கேள்வியைப் பற்றியது. நான் இறையியல் படித்தவன் இல்லை, பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். வேதாகமத்தை யார் சரியாக வாசிக்கிறார்கள் என்று தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஓர் அமைப்பு எங்கே, ஏன் உடைகிறது என்று பார்ப்பதுதான் என் ஆர்வம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு சொல் பிரச்சினையைத் தீர்த்துவிடுவோம். தமிழில் ‘பேராயர்’ என்றால் சி.எஸ்.ஐ.காரர்களுக்கு பிஷப், கத்தோலிக்கர்களுக்கு ஆர்ச்பிஷப். குழப்பம் வேண்டாம் என்று இங்கே பிஷப், ஆர்ச்பிஷப் என்றே எழுதுகிறேன்.

போப் இல்லாத குடும்பம்

எட்டாம் ஹென்றி தன் கல்யாணத்தை ரத்து செய்ய போப்பிடம் அனுமதி கேட்டதும், அது கிடைக்காததும், 1534ல் தன்னையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராகச் சட்டம் போட்டு அறிவித்துக்கொண்டதும் பள்ளிக்கூடத்தில் படித்த கதைதான். பிறகு பிரிட்டிஷ் கப்பல்கள் போன இடமெல்லாம் இந்தத் திருச்சபையும் போனது. அமெரிக்கா விடுதலை பெற்றதும் அங்கிருந்த சபை தனியாக நிற்கத் தொடங்கியது. மற்ற காலனிகளிலும் அதுவே ஒவ்வொன்றாக நடந்தது.

இன்று ஆங்கிலிக்கன் கம்யூனியன் என்பது 42 தன்னாட்சித் திருச்சபைகளின் குடும்பம். மொத்தம் 8.5 கோடிப் பேர் என்பது அவர்களே சொல்லும் கணக்கு. கேன்டர்பரி ஆர்ச்பிஷப் இதற்குத் தலைவர் என்கிறோம், ஆனால் நைஜீரியாவிலோ அமெரிக்காவிலோ ஒரு குருவானவரை இடம் மாற்றக்கூட அவரால் முடியாது. சமமானவர்களில் முதல்வர், அவ்வளவுதான். கூட்டம் கூட்டலாம், அழைப்பு அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம். கையில் இருக்கும் ஆயுதம் அந்த அழைப்பிதழ் ஒன்றுதான்.

நம் சி.எஸ்.ஐ.யும் இந்தக் குடும்பத்தில் ஓர் உறுப்பு. 1947ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் சேர்ந்து அது உருவானபோது, அடுத்த வருடம் கூடிய பிஷப்புகள் மாநாடு அதை முழு உறவோடு ஏற்கத் தயங்கியது. பிஷப் கைவைத்து நியமிக்காத குருக்களையும் சேர்த்துக்கொண்டார்களே என்பதுதான் தயக்கம். யாரை நம்மவர் என்று ஏற்பது என்ற கேள்வி இந்தக் குடும்பத்தில் ரொம்பப் பழையது.

கணக்கு வாத்தியார் பிஷப்பான கதை

அந்த மாநாடு பிறந்ததே ஒரு சண்டையில்தான். ஜான் வில்லியம் கொலென்சோ கணித ஆசிரியர். அவர் எழுதிய எண்கணிதப் புத்தகங்கள் இங்கிலாந்துப் பள்ளிகளில் ஓடு ஓடென்று ஓடின. 1853ல் அவரைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு பிஷப்பாக்கினார்கள். ஜூலு மொழி கற்று, வேதாகமத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். அப்போது உதவிக்கு இருந்த ஜூலுக்காரர் நோவாவின் பேழைக் கதையைக் கேட்டுவிட்டு, இதெல்லாம் உண்மையிலேயே நடந்ததா என்று கேட்டதாகக் கொலென்சோவே எழுதியிருக்கிறார்.

கணக்கு வாத்தியார் சும்மா இருப்பாரா? பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து நூல்களில் வரும் எண்களை எடுத்துக் கணக்குப் போட்டார். போர் செய்யக்கூடிய ஆண்கள் மட்டும் 6 லட்சம் என்றால் மொத்த ஜனம் எத்தனை, அவர்கள் தங்கிய முகாம் எவ்வளவு பெரிது, இத்தனை பேருக்கு எத்தனை குருக்கள் என்று. கணக்கு உதைத்தது. 1862ல் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தே அதிர்ந்தது.

கேப்டவுனின் பிஷப் ராபர்ட் கிரே அவரை விசாரித்துப் பதவி நீக்கினார். கொலென்சோ லண்டனுக்கு அப்பீல் போனார். 1865ல் பிரிவி கவுன்சில், கிரேவுக்கு அந்த அதிகாரமே கிடையாது என்று சொல்லிவிட்டது. கொலென்சோ தன் கதீட்ரலையும் சம்பளத்தையும் விடவில்லை. கிரேவும் விடவில்லை, 1869ல் அதே பகுதிக்குப் போட்டியாக இன்னொரு பிஷப்பை வைத்தார். ஒரே ஊர், இரண்டு பிஷப், நடுவில் கோர்ட். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

இந்தக் குழப்பத்தைப் பார்த்து பயந்த கனடா பிஷப்புகள், எல்லோரும் கூடிப் பேசி ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்று 1865ல் கேட்டார்கள். அப்படித்தான் 1867ல் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் சார்ல்ஸ் லாங்லி முதல் லாம்பெத் மாநாட்டைக் கூட்டினார். ஆனால் கூட்டும்போதே ஒரு வாக்குறுதியும் கொடுத்துவிட்டார்: இந்த மாநாடு கோட்பாட்டு விஷயங்களில் யாரையும் கட்டுப்படுத்தும் முடிவு எடுக்காது. கொலென்சோ விவகாரத்தைக்கூட நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே வைக்கத்தான் பார்த்தார். அப்படியும் யார்க் ஆர்ச்பிஷப் வரவில்லை. நிறைவு ஆராதனைக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயைத் தர அதன் டீன் மறுத்துவிட்டார். வந்தவர்கள் 76 பிஷப்புகள்.

ஆக, தகராறைத் தீர்க்க ஒரு சபை வேண்டும் என்று கேட்டார்கள். தகராறைத் தீர்க்கும் அதிகாரம் இல்லாத சபை கிடைத்தது. இதைப் பலவீனம் என்று மட்டும் சொல்ல முடியாது. போப்பிடமிருந்து விலகி வந்தவர்கள் இன்னொரு போப்பை உருவாக்க விரும்பவில்லை, வேண்டுமென்றேதான் அப்படி அமைத்தார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கருத்து இருக்கும்வரை அது நன்றாகவே ஓடியது.

பல மனைவியரும் நூறு வருடமும்

கொலென்சோ இன்னொன்றும் சொன்னார். பல மனைவியர் உள்ள ஜூலு ஆண் ஞானஸ்நானம் கேட்டால், முதல் மனைவியைத் தவிர மற்றவர்களைத் துரத்திவிட்டு வா என்று சொல்வது கொடுமை. அந்தப் பெண்களும் பிள்ளைகளும் எங்கே போவார்கள் என்று கேட்டார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1888 லாம்பெத் மாநாடு, பல மனைவியர் உள்ள ஆணுக்கு ஞானஸ்நானம் இல்லை என்று தீர்மானித்தது. உபதேசம் கேட்டுக்கொண்டு வெளியே காத்திருக்கலாம். அவன் மனைவிகளுக்குச் சில இடங்களில் கொடுக்கலாம், அதை உள்ளூரில் முடிவு செய்துகொள்ளட்டும் என்றது.

இது மாற 1988 ஆனது. சரியாக நூறு வருடம். அந்த வருட மாநாடுதான், இருக்கும் மனைவிகளோடும் பிள்ளைகளோடும் அவனைச் சேர்த்துக்கொள்ளலாம், இனிமேல் புதிதாக யாரையும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அவன் உறுதி சொல்ல வேண்டும், ஏற்கெனவே உள்ளவர்களைத் தள்ளிவிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொன்னது.

இன்றைய சண்டையில் இரண்டு தரப்பும் இந்தக் கதையை எடுத்துக்கொள்ள முடியும். மாற்றம் கேட்பவர்கள் சொல்லலாம்: கல்யாணம் பற்றித் திருச்சபை ஏற்கெனவே வளைந்து கொடுத்திருக்கிறது. 1908லும் 1920லும் கண்டித்த கருத்தடையை 1930ல் வரம்போடு அனுமதித்தார்கள். விவாகரத்தானவர் கோவிலில் மறுமணம் செய்ய இங்கிலாந்தில் 2002ல் வழி விட்டார்கள்.

எதிர்ப்பவர்களின் பதில் வேறு. இந்தப் புத்தகத்தை எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தது நீங்கள். இதைச் சொல்லித்தான் எங்கள் பாட்டிகளை வீட்டை விட்டு அனுப்பச் சொன்னீர்கள். நாங்கள் கீழ்ப்படிந்து, அந்தச் செலவையெல்லாம் சுமந்து முடித்த பிறகு, புத்தகத்தை இப்போது வேறு மாதிரி வாசிக்கலாம் என்கிறீர்களா? இந்தக் கோபத்தை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

உகாண்டாவில் இன்னொரு நினைவும் உண்டு. 1885 முதல் 1887 வரை புகாண்டா அரசர் முவாங்கா கிறிஸ்தவரான அரண்மனைச் சேவகர்கள் பலரைக் கொன்றார். 1886 ஜூன் 3 அன்று நமுகொங்கோவில் பலர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். மொத்தம் 45 பேரில் 23 பேர் ஆங்கிலிக்கன்கள், 22 பேர் கத்தோலிக்கர்கள். வெள்ளைக்காரர்கள் நாட்டைப் பிடித்துவிடுவார்கள் என்ற அரசியல் பயமும் அதில் இருந்தது. ஆனால் மக்கள் நினைவில் நிற்பது, அரசரின் பாலியல் விருப்பத்துக்கு இணங்க மறுத்த இளைஞர்கள் என்பதுதான். ஜூன் 3 அங்கே அரசு விடுமுறை. அந்தத் திருச்சபையிடம் தன்பாலின உறவு பற்றி லண்டன் பேசும்போது, அவர்கள் காதில் விழுவது வேறு ஒரு கதை.

526க்கு 70

1998 ஆகஸ்ட். கேன்டர்பரியில் கென்ட் பல்கலைக்கழக வளாகத்தில் லாம்பெத் மாநாடு. 1867ன் கூட்டம் இல்லை இது. ஆப்பிரிக்க, ஆசிய பிஷப்புகள் பெருந்திரளாக வந்திருந்தார்கள். தீர்மானம் 1.10 வாக்கெடுப்புக்கு வந்தது. தன்பாலின உறவு வேதாகமத்தோடு பொருந்தாது, அத்தகைய இணைவுகளை ஆசீர்வதிப்பதையோ அதில் இருப்பவர்களைக் குருக்களாக்குவதையோ பரிந்துரைக்க முடியாது என்பது அதன் சாரம். ஆதரவு 526, எதிர்ப்பு 70, நடுநிலை 45.

அதே தீர்மானத்தில் இன்னொரு பாதியும் இருக்கிறது. தன்பாலின ஈர்ப்புள்ளவர்களின் அனுபவத்தைக் காதுகொடுத்துக் கேட்போம், அவர்கள் மீதான காரணமற்ற வெறுப்பையும் அச்சத்தையும் கண்டிக்கிறோம் என்று. அந்தப் பாதி எப்படி நிறைவேறியது என்பதற்கு அன்று வெளியிலேயே ஒரு காட்சி நடந்தது. நைஜீரியாவின் எனுகு பிஷப், தன்பாலினக் கிறிஸ்தவர் இயக்கத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கிர்க்கர் என்ற டீக்கன் மீது கை வைத்துப் பேய் ஓட்ட முயன்றார், கேமராக்களுக்கு முன்னால்.

ஒரு தரப்புக்கு 1.10 சட்டமாகிவிட்டது. இன்னொரு தரப்புக்கு அது ஆலோசனை. லாங்லி கொடுத்த வாக்குறுதிப்படி பார்த்தால் இரண்டாவது தரப்புதான் சரி: லாம்பெத் தீர்மானம் எந்தத் திருச்சபையையும் கட்டுப்படுத்தாது. ஆனால் 526 பேர் கை தூக்கிய ஒன்றை வெறும் ஆலோசனை என்று சொன்னால், கை தூக்கியவர்களுக்கு எப்படி இருக்கும்?

வான்கூவர், நியூ ஹாம்ப்ஷயர், ஜெருசலேம்

2002ல் கனடாவின் வான்கூவர் பகுதித் திருமண்டலம், தன்பாலின இணையரை ஆசீர்வதிக்கலாம் என்று வாக்களித்தது. 2003ல் முதல் ஆசீர்வாதம் நடந்தது. அதே வருடம் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஜீன் ராபின்சனை பிஷப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஓர் ஆணோடு வெளிப்படையாகக் குடும்பம் நடத்துபவர். நவம்பர் 2 அன்று அபிஷேக ஆராதனைக்குக் குண்டு துளைக்காத கவசத்தை அங்கிக்கு அடியில் போட்டுக்கொண்டு வந்தார். அவ்வளவு மிரட்டல்.

அதே 2003ல் இங்கிலாந்தில் ஜெஃப்ரி ஜான் என்பவரை ரெடிங் பிஷப்பாக அறிவித்தார்கள். அவருக்கு ஓர் ஆண் துணைவர் உண்டு. ஆனால் தாங்கள் பிரமச்சரியத்தில் இருப்பதாகத் தெளிவாகவே சொன்னார். விதிப்படி ஒரு தடையும் இல்லை. அப்படியும் எதிர்ப்பு வெடித்தது, ஜூலையில் அவரைப் பின்வாங்க வைத்தார்கள். அப்போது ஆர்ச்பிஷப்பாக இருந்த ரோவன் வில்லியம்ஸ் அவருடைய பழைய நண்பர். குடும்பம் உடையக்கூடாது என்பதற்காக ஒரு மனிதர் பலியானார். குடும்பம் எப்படியும் உடைந்தது.

2004ல் வின்ட்சர் அறிக்கை வந்தது. இரண்டு தரப்பும் நிறுத்திக்கொள்ளுங்கள், எல்லோரும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடுங்கள் என்றது. அதாவது லாங்லி 1867ல் தர மறுத்த அதிகாரத்தில் கொஞ்சத்தையாவது இப்போது உருவாக்கலாம் என்ற யோசனை. உடன்படிக்கை எழுதப்பட்டது. 2012ல் அதைக் கவிழ்த்தது யார் தெரியுமா? இங்கிலாந்துத் திருமண்டலங்களேதான். பெரும்பான்மைத் திருமண்டலங்கள் வேண்டாம் என்று வாக்களித்துவிட்டன. சொந்த ஆர்ச்பிஷப் முன்னின்று ஆதரித்த திட்டம் அது.

இதற்குள் 2008ல் ஜெருசலேமில் கேஃப்கான் என்ற பழமை ஆதரவாளர்களின் மாநாடு கூடிவிட்டது. அந்த வருட லாம்பெத்துக்கு 200க்கும் மேற்பட்ட பிஷப்புகள் வரவில்லை. ராபின்சனுக்கு அழைப்பே போகவில்லை. 2009ல் வட அமெரிக்காவில் போட்டித் திருச்சபை உருவானது. சாஃப்ட்வேர் ஆட்கள் இதை ஃபோர்க் என்போம்: அதே மூலக் குறியீட்டை எடுத்துக்கொண்டு, இதுதான் அசல் என்று சொல்லித் தனியாகப் போவது.

ஆனால் மூலக் குறியீட்டை நகல் எடுக்கலாம், கோவில் கட்டடத்தை நகல் எடுக்க முடியாது. வர்ஜீனியாவில் ஜார்ஜ் வாஷிங்டனோடு தொடர்புள்ள ஃபால்ஸ் சர்ச் சபை 2006ல் விலகியது. வழக்கு நடந்தது, கட்டடம் பழைய திருமண்டலத்துக்கே என்று 2012ல் தீர்ப்பானது, மாநில உச்ச நீதிமன்றமும் 2013ல் அதையே சொன்னது. விலகியவர்கள் வெறுங்கையோடு வெளியேறினார்கள். டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் நேர் எதிர்: 2020ல் மாநில உச்ச நீதிமன்றம் விலகியவர்களுக்கே சொத்தைக் கொடுத்தது, தங்கியவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒரே ஊர், இரண்டு பிஷப், நடுவில் கோர்ட். நேட்டால் திரும்பி வந்துவிட்டது.

எந்த விதியின் கீழ்?

இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே தன்பாலினத் திருமணச் சட்டம் 2013ல் நிறைவேறியது. ஆனால் அதே சட்டம், இங்கிலாந்துத் திருச்சபைக் கோவில்களில் அந்தத் திருமணம் நடக்கக்கூடாது என்றும் சொல்கிறது. திருச்சபையின் குருவானவரே தன் துணையைச் சட்டப்படி கட்டிக்கொண்டால் அவர் ஊழியத்துக்கு ஆபத்து. பக்கத்து ஸ்காட்லாந்து ஆங்கிலிக்கன்கள் 2017ல் கோவிலிலேயே திருமணம் நடத்த அனுமதித்துவிட்டார்கள். வேல்ஸ் 2021ல் ஆசீர்வாதத்தை அனுமதித்தது.

இங்கிலாந்து 2017லிருந்து படித்தது, கேட்டது, அறிக்கை எழுதியது. 2023 பிப்ரவரி 9 அன்று சினாடு எட்டு மணி நேரம் விவாதித்து வாக்களித்தது. பிஷப்புகள் 36க்கு 4. குருக்கள் 111க்கு 85. சபை மக்கள் 103க்கு 92. பாஸ். ஆனால் சதவீதம் போட்டுப் பாருங்கள்: குருக்களில் 57, மக்களில் 53. தனி ஆராதனையாகவே நடத்தலாம் என்பதைச் சோதித்துப் பார்க்க நவம்பரில் ஒரு திருத்தம் வந்தபோது, சபை மக்கள் அவையில் அது ஒரே ஒரு வாக்கில் தப்பியது.

இங்கேதான் ‘எந்த விதி’ என்பது முக்கியமாகிறது. புதிய ஆராதனை முறையை முழுமையாக அங்கீகரிக்க பி2 என்ற விதி உண்டு. அதற்கு மூன்று அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அது கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பிஷப்புகள் ஜெபங்களைப் ‘பரிந்துரைத்தார்கள்’. வழக்கமான ஞாயிறு ஆராதனைக்குள் சேர்த்துக்கொண்டால் பரிந்துரை போதும். அந்த இணையருக்கென்றே தனி ஆராதனை வைத்தால் போதாது. ஆசீர்வதிப்பது அதே குருவானவர், ஆசீர்வாதம் பெறுவது அதே இரண்டு பேர், சொல்வது அதே ஜெபம். கூட இன்னொரு பாட்டும் பிரசங்கமும் பொதுவாக இருக்கிறதா என்பதில் கோட்பாடு தங்கியிருந்தது.

2025 அக்டோபரில் பிஷப்புகள், தனி ஆராதனைக்கு முழு நடைமுறையும் தேவை, குறுக்கு வழி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆக, ஆதரவாளர்களுக்கு இது ஏமாற்றம், எதிர்ப்பாளர்களுக்கு ஏற்கெனவே நடந்ததே துரோகம்.

இந்தப் புள்ளிவிவரங்களுக்கு நடுவில் மனிதர்கள் இருக்கிறார்கள். டெஸ்மண்ட் டூட்டுவின் மகள் எம்போ டூட்டு ஆங்கிலிக்கன் குரு. ஒரு பெண்ணைத் திருமணம் செய்த பிறகு 2016ல் தென்னாப்பிரிக்காவில் தன் ஊழிய உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2022ல் இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயரில் தன் ஞானத்தந்தையின் அடக்க ஆராதனையை நடத்தப் போனார். கோவிலுக்குள் நடத்த அனுமதிக்கவில்லை. குடும்பத்தார் ஆராதனையையே பக்கத்துத் தோட்டத்தில் கூடாரம் போட்டு மாற்றிக்கொண்டார்கள்.

உகாண்டாவில் 2023ல் வந்த சட்டம் தன்பாலின உறவுக்கு ஆயுள் தண்டனையும், சில வகைகளுக்கு மரண தண்டனையும் விதிக்கிறது. அங்கத்திய ஆர்ச்பிஷப் கஸீம்பா சட்டத்தை வரவேற்றார். மரண தண்டனை மட்டும் வேண்டாம், ஆயுள் போதும் என்றார். அந்தச் சட்டத்தை ஆதரிக்காதீர்கள் என்று கேன்டர்பரி ஆர்ச்பிஷப் வெல்பி கடிதம் எழுதினார். எழுதத்தான் முடியும்.

அழைப்பிதழும் செல்லாதபோது

2023 பிப்ரவரி வாக்கெடுப்பு முடிந்து பத்து நாள்தான். தெற்குலகத் திருச்சபைகளின் கூட்டமைப்பு, வெல்பியை இனி சமமானவர்களில் முதல்வராக ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. 2025 அக்டோபர் 3 அன்று சாரா முல்லலி அடுத்த கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பாக அறிவிக்கப்பட்டார். முன்னாள் செவிலியர், அந்தப் பதவிக்கு வரும் முதல் பெண். ஆசீர்வாத ஜெபங்கள் தொடர்பான அடுத்த கட்டப் பணிக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர். இரண்டே வாரத்தில், அக்டோபர் 16 அன்று, கேஃப்கான் தலைவரான ருவாண்டா ஆர்ச்பிஷப் முபாண்டா அறிக்கை விட்டார். கேன்டர்பரி, லாம்பெத் மாநாடு உட்பட பழைய இணைப்புகள் எதையும் ஏற்பதில்லை, நாங்களே உலக ஆங்கிலிக்கன் கம்யூனியன் என்று.

இப்போது முதல் கேள்விக்கு என் பதில். அம்போங்கோ ரோமுக்குப் போனபோது அங்கே பேசுவதற்கு ஓர் ஆள் இருந்தார். ‘ஆம்’ என்று சொன்ன அதே ஆள், ‘உங்களுக்கு வேண்டாம்’ என்றும் சொல்ல முடிந்தது. விலக்கு கொடுப்பதற்கு, கட்டளையிடும் அதிகாரம் முதலில் இருக்க வேண்டும். வெல்பியால் நைஜீரியாவுக்கு விலக்கு கொடுக்க முடியாது, ஏனென்றால் நைஜீரியா மீது எதையும் திணிக்கவே அவரால் முடியாது. சட்டப்படி பார்த்தால் இங்கிலாந்தின் ஜெபம் லாகோஸில் ஒருவரையும் தொடாது. அப்படியும் அங்கே வலித்தது. கட்டளை இல்லாத இடத்தில் உறவு மட்டும்தான் எல்லோரையும் பிணைத்திருந்தது. உறவில் ஒருவர் செய்வது மற்றவர் பெயரிலும் விழும்.

அதற்காகப் போப் இருந்தால் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஆசீர்வாதம் வேண்டும் என்று கேட்கும் கிகாலியிலோ கின்ஷாசாவிலோ உள்ள ஒரு கத்தோலிக்கருக்கு அந்த விலக்கு என்ன செய்தது? அவருக்கு முன்னால் கதவு திறந்து மூன்றரை வாரத்தில் மூடியது. அமைப்பு பிழைத்தது. அவர் எங்கே நின்றாரோ அங்கேயே நிற்கிறார். ஆங்கிலிக்கன் பக்கம் அமைப்பு உடைந்தது. ஆனால் எடின்பரோவில் இருவர் பீடத்தின் முன் நின்று கல்யாணம் செய்துகொள்ள முடிகிறது. எது பெரிய இழப்பு என்பது நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சி.எஸ்.ஐ. போன்ற திருச்சபைகள் இதில் எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கவனிக்க வேண்டும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இலங்கை. சிலோன் திருச்சபையின் கொழும்பு, குருநாகல் என்ற இரண்டு திருமண்டலங்களும் எந்த மாகாணத்திலும் சேராமல் நேரடியாகக் கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பின் கீழ் இருப்பவை. பெரும்பாலான திருச்சபைகளுக்குக் கேன்டர்பரி ஓர் அடையாளம்; அவர்களுக்கு அது மேலிடம். கேன்டர்பரியே வேண்டாம் என்று பாதி உலகம் விலகும்போது, இந்தச் சின்ன சபை என்ன செய்யும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் தனியாக எழுதுகிறேன்.